பலூன் எங்கள் டவரில்தான் இணைந்ததா?

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். இப்போது அமெரிக்காவின் வடமேற்கில் ஒரு சின்ன இணைய சேவை நிறுவனத்தில் நெட்வொர்க் இன்ஜினீயராக இருக்கிறேன். எச்-1பி விசா. பண்ணைகளுக்கும் சிற்றூர்களுக்கும் டவர் மூலம் இணைப்பு கொடுக்கிறோம். லாரி டிராக்கர், வயல் சென்சார் போன்றவற்றுக்கு மொத்தமாக சிம் விற்பதும் உண்டு. 2023-ல் வந்த சீன பலூன் எங்கள் டவர்கள் சிலவற்றுக்கு மேலேயே போயிருக்க வேண்டும். அது ஓர் அமெரிக்க இணைய நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாகத்தான் சீனாவோடு தொடர்பில் இருந்தது என்ற செய்தியை அண்மையில்தான் படித்தேன். நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. அது நாங்களாக இருக்குமோ என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. பழைய லாக்குகளை, அதாவது இணைப்புப் பதிவுகளை, திறக்க என்னிடம் பாஸ்வேர்ட் இருக்கிறது. பார்க்கலாமா?

இதற்கு நடுவில் என் மேலாளரும் அதே செய்தியைப் படித்துவிட்டு, சீனாவுக்கு டேட்டா போகிற கஸ்டமர்களின் பட்டியலை எடுத்துத் தரச் சொல்கிறார். வாய்வார்த்தைதான், எழுத்தில் எதுவும் இல்லை. எங்கள் டீமில் சீனாவின் செங்டுவில் பிறந்த ஒருவர் இருக்கிறார். அவருக்கு இது தெரியக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுத்தால் வேலை என்னாகும் என்ற பயமும் இருக்கிறது.

பெயர் வேண்டாம், அமெரிக்கா

பதில்:

தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். பழைய லாக்குகளை நீங்களாகத் தோண்டாதீர்கள். மேலாளர் கேட்ட பட்டியலை வாய்வார்த்தையை நம்பி எடுத்துக் கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் உங்கள் நிறுவனம் செய்யவேண்டிய நல்ல வேலை ஒன்று இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது.

இப்போது செய்திக்கு வருவோம். 2023 ஜனவரி 28 அன்று அந்த பலூன் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளுக்கு அருகே அமெரிக்க வான்வெளிக்குள் வந்தது. 30-ம் தேதி கனடாவுக்குள் போய், 31-ம் தேதி ஐடஹோவின் வடக்கில் மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைந்தது. பிப்ரவரி 1-ம் தேதி மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரத்து மக்கள் வெறும் கண்ணாலேயே பார்த்தார்கள். அணு ஏவுகணைகளைப் பராமரிக்கும் மால்ம்ஸ்ட்ரம் விமானப்படைத் தளம் அந்த மாநிலத்தில் இருப்பதால் பதற்றம் கூடியது. பிப்ரவரி 4 அன்று தெற்கு கரோலினா கடற்கரையைத் தாண்டியதும் ஓர் எஃப்-22 விமானம் ஒரே ஏவுகணையால் அதை வீழ்த்தியது. பலூன் ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். அதன் அடியில் தொங்கிய கருவித் தொகுதி 900 கிலோவுக்கு மேல் என்று அமெரிக்க ராணுவம் கணக்குச் சொன்னது. வானிலை ஆய்வுக்கான பலூன் காற்றில் திசைமாறிப் போய்விட்டது என்பது சீனா சொன்ன விளக்கம். இன்றுவரை அதைத்தான் சொல்கிறது.

நீங்கள் படித்தது அமெரிக்கச் செய்தி நிறுவனமான என்பிசி நியூஸ் 2023 டிசம்பர் 28-ல் வெளியிட்ட செய்தி. அதை நிதானமாக ஒருமுறை திரும்பப் படியுங்கள். பலூன் ஓர் அமெரிக்க இணைய சேவை நிறுவனத்தின் இணைப்பைப் பயன்படுத்தியது என்று அமெரிக்க உளவுத்துறை முடிவுக்கு வந்திருக்கிறது என்று பெயர் சொல்லாத அதிகாரிகள் கூறினார்கள். அந்த இணைப்பில் போனதும் வந்ததும் பெரும்பாலும் பலூன் வழிசெலுத்தல் சம்பந்தப்பட்டவை என்றார்கள். குறுகிய நேரத்தில் ஒரு கொத்துத் தரவை அனுப்பிவிட்டு அமைதியாகிவிடும் முறை. சம்பந்தப்பட்ட நிறுவனமோ, தானே விசாரித்துப் பார்த்ததாகவும், அரசு அதிகாரிகளிடமும் பேசியதாகவும், தன் நெட்வொர்க்கை பலூன் பயன்படுத்தவில்லை என்றும் மறுத்தது. பலூன் அமெரிக்காவின் மேல் பறந்தபோது உளவுத் தகவல் எதையும் சேகரிக்கவில்லை என்பது தங்கள் மதிப்பீடு என்று பென்டகன் அந்த ஆண்டு ஜூன் மாதமே சொல்லியிருந்தது.

அந்தச் செய்தியில் ஒரு வரி இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். அந்த இணைப்பில் போகிற தகவலைக் கண்காணிக்க அரசு, வெளிநாட்டு உளவு தொடர்பான ரகசிய நீதிமன்றத்தில் உத்தரவு கேட்டிருக்கிறது. 1978-ம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நீதிமன்றம் அது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தேர்ந்தெடுக்கும் 11 கூட்டாட்சி நீதிபதிகள் அதில் அமர்கிறார்கள். நீதிமன்றம் என்ன தீர்ப்பளித்தது என்பது வெளியிடப்படவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வேற்று நாட்டின் பலூன், கோடிக்கணக்கானவர்கள் டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள், அதைச் சுடப் போர் விமானம் தயாராக இருக்கிறது. அப்போதும்கூட, உள்நாட்டு நிறுவனம் ஒன்றின் வயரில் கைவைக்க வேண்டுமானால் நீதிபதியிடம் போய் நில் என்கிறது சட்டம். அப்படியிருக்க, ஒரு மேலாளர் வாயால் சொன்னார் என்று நீங்கள் நூற்றுக்கணக்கான கஸ்டமர்களின் போக்குவரத்தைக் கிளறுவது எப்படிச் சரியாகும்?

சரி, உங்களை அரித்துக்கொண்டிருக்கும் முதல் கேள்வி: அது உங்கள் நிறுவனமாக இருக்குமா? தொழில்நுட்பமாகப் பார்த்தால், டவர் வழியாக நேராக நடந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. இது உங்களுக்கே தெரியும், பயத்தில் மறந்திருக்கிறீர்கள். பலூன் பறந்தது 60,000 அடிக்கு மேல், அதாவது 18 கிலோமீட்டருக்கும் மேல். டவர் ஆன்டெனாவை நாம் சில டிகிரி கீழே சாய்த்துத்தான் மாட்டுகிறோம், ஏனென்றால் கஸ்டமர் தரையில் இருக்கிறார். மேல்நோக்கிக் கசிகிற சிக்னல் கொஞ்சம் உண்டு. நூறு, இருநூறு மீட்டர் உயரத்தில் பறக்கிற ட்ரோனுக்கு அது போதும். சொல்லப்போனால் ட்ரோனுக்கு ஒரே சமயத்தில் டஜன் கணக்கில் டவர்கள் தெரிந்து குழப்பம்தான் வரும். 18 கிலோமீட்டரில் கதையே வேறு. சாதாரண மோடம் ஒன்றை மேலே தொங்கவிட்டு நம்பகமான இணைப்பை எதிர்பார்த்து இவ்வளவு பெரிய பலூனை யாரும் கடல் கடந்து அனுப்பமாட்டார்கள். பசிபிக் பெருங்கடலின் நடுவில் டவர் ஏது? இப்படிப்பட்ட கருவிகளை வடிவமைப்பவர்கள் முதலில் நினைப்பது செயற்கைக்கோள் வழியைத்தான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாத சங்கதி. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விதிகளில், செல்லுலர் அலைவரிசை போனை வானத்தில் இயக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதில் விமானத்தோடு சேர்த்து பலூனையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். மேலேயிருந்து பேசினால் கீழே பல டவர்களின் அலைவரிசை ஒரே நேரத்தில் கெட்டுப்போகும் என்பதுதான் காரணம்.

பலூனுக்கும் இணையத்துக்கும் ஆகவே ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கூகுளின் லூன் திட்டம் அந்த உயரத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு, தரையிலிருக்கும் சாதாரண போன்களுக்கே இணைப்புக் கொடுத்தது. ஆனால் அதற்கென்றே செய்த ஆன்டெனாக்களை வைத்து, அந்தந்த நாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுச் செய்தார்கள். 2017-ல் மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவில், 2020-ல் கென்யாவில் அது வேலை செய்தது. இலங்கையிலும் சோதித்தார்கள். 2016 பிப்ரவரியில் ஒரு லூன் பலூன் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். இது என்னடா வானத்திலிருந்து விழுந்தது என்று தோட்டத்துச் சனங்கள் கூடிவிட்டார்கள். 2021-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். லூன் பலூனுக்கு மோட்டார் கிடையாது. வெவ்வேறு உயரத்தில் காற்று வெவ்வேறு திசையில் அடிக்கும் என்பதை வைத்து ஏறியும் இறங்கியும் திசை மாறும். எந்த உயரத்துக்குப் போகவேண்டும் என்று தரையிலிருந்து அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வழிசெலுத்தலுக்குச் சின்னச் சின்னச் செய்திகள் போதும் என்பதும், அதற்கு ஓர் இணைப்பு கட்டாயம் வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இனி லாக் விஷயம். ஒரு பேச்சுக்கு, அந்த பலூனில் உங்கள் சிம் ஒன்று இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். லாக்கில் என்ன தெரியும்? இணைந்த நேரம், விலகிய நேரம், சிம் எண், கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ, எந்த டவரில் எந்தப் பக்கத்து ஆன்டெனா, மேலே எத்தனை பைட், கீழே எத்தனை பைட். அவ்வளவுதான். அதைப் பார்த்தால் மாடு ஏற்றிப்போகிற லாரியின் டிராக்கர் போலவே இருக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை சில நூறு பைட், பிறகு அமைதி. வித்தியாசம் ஒன்றே ஒன்றில்தான் தெரியும். லாரி நெடுஞ்சாலை வளைகிற இடத்தில் வளையும், இரவில் எங்காவது நிற்கும். காற்றில் போகிற பொருள், ரோடே இல்லாத மலைத்தொடரைக் குறுக்காகக் கடந்துபோகும். இந்த ஒரு கண் உங்களிடம் இருக்கிறது. அதை எங்கே பயன்படுத்துவது என்று பின்னால் சொல்கிறேன்.

டேட்டாவை வைத்து 'இது சீனாவுக்குப் போகிறது' என்று சொல்ல முடியுமா? டவுன் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது எங்கே இறங்குவீர்கள் என்று கேட்பார், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்கமாட்டார். நெட்வொர்க்குக்கும் இறங்குகிற நிறுத்தம் மட்டுமே தெரியும், அங்கிருந்து வேறு பஸ் ஏறினால் தெரியாது. விஷயம் தெரிந்த ஒருவர் தன் கருவியை நேராகச் சீனாவில் இருக்கும் ஐபி முகவரிக்குப் பேசவைக்கமாட்டார். வர்ஜீனியாவில் ஒரு கிளவுட் சர்வரை மாத வாடகைக்கு எடுத்து அதனிடம் பேசவைப்பார். அங்கிருந்து அது எங்கே போகிறது என்பது உங்கள் ரூட்டருக்குத் தெரியாது. ஆக, மேலாளர் கேட்கிற பட்டியலை நீங்கள் எடுத்தால் அதில் யார் இருப்பார்கள்? குழந்தை தூங்குவதைப் பார்க்க மலிவான கேமரா வாங்கி மாட்டிய தாய். ஊரில் இருக்கிற பாட்டியோடு வீசாட் என்ற சீனச் செயலியில் பேசுகிற பல்கலைக்கழக மாணவர். உணவகம் நடத்துகிற குடும்பம். சீனாவின் ஷென்செனிலிருந்து மென்பொருள் அப்டேட் வாங்குகிற ரோபோ துடைப்பான் வைத்திருக்கும் உங்கள் மேலாளரின் அண்டைவீட்டார். இருக்கவே இருக்காதவர் ஒருவர்தான்: உண்மையான உளவாளி.

பயனில்லை என்பதோடு விஷயம் முடியவில்லை, ஆபத்தும் இருக்கிறது. அந்தப் பட்டியல் ஒருமுறை உருவானால் அது யாரோ ஒருவரின் மெயிலில், யாரோ ஒருவரின் லேப்டாப்பில் கிடக்கும். அதில் பெயர் இருப்பவர் யாருக்கும் தன் பெயர் ஏன் அங்கே வந்தது என்று தெரியாது, மறுத்துப் பேச வழியும் கிடையாது. இணைய நிறுவனம் தன் கஸ்டமரின் தகவல்தொடர்பைத் தானாக முன்வந்து வெளியே கொடுப்பதற்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே. நெட்வொர்க்கைப் பராமரிக்கவும் மோசடியைத் தடுக்கவும் நாம் பார்ப்பது வேறு. இன்ன நாட்டோடு பேசுகிறவர் யார் என்று தேடுவது வேறு. இந்தக் கோடு உங்கள் மாநிலத்தில், உங்கள் நிறுவனத்தில் சரியாக எங்கே விழுகிறது என்பதை வக்கீல்தான் சொல்லவேண்டும். நான் இன்ஜினீயர், வக்கீல் இல்லை. வக்கீலைக் கேட்காமல் தொடக்கூடாத இடம் இது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மேலாளரிடம் எப்படிச் சொல்வது? சண்டை வேண்டாம். 'செய்யமாட்டேன்' என்று தொடங்காதீர்கள். ஒரு சின்ன மெயில் போடுங்கள்: 'நீங்கள் கேட்ட பட்டியல் கஸ்டமரின் தனிப்பட்ட தகவல் சம்பந்தப்பட்டது. நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தால் என்ன வரம்புக்குள், எவ்வளவு நாள் டேட்டாவை எடுக்கலாம் என்று சேர்ந்து முடிவு செய்யலாம். டேட்டா போகும் நாட்டை வைத்துத் தேடினால் நாம் தேடுவது கிடைக்காது என்பதற்கான தொழில்நுட்பக் காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்குப் பதிலாகப் பயன்தரும் சில வேலைகளையும் பரிந்துரைத்திருக்கிறேன்.' இவ்வளவு போதும். பெரும்பாலான மேலாளர்கள், எழுத்தில் வை என்று வந்ததும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் மேலாளர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்திருக்கிறார், ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைக்கிறார். செய்யத்தக்க வேலையை நீங்கள் அவர் கையில் கொடுத்தால் நிம்மதி அடைவார்.

பழைய லாக்கைப் பார்க்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கும் இதே பதில்தான். பாஸ்வேர்ட் இருப்பது வேலைக்காக. ஆர்வத்துக்காகத் தேடினால் அந்தத் தேடலும் ஒரு லாக்காகப் பதிவாகும். நாளைக்கு யாராவது வந்து 'அந்த வாரத்தின் பதிவுகளை எதற்காகத் திறந்தாய்' என்று கேட்டால், ஆர்வம் என்ற பதில் விசாவில் இருக்கிற ஒருவருக்கு நல்ல பதில் இல்லை. இணைய நிறுவனங்கள் லாக்குகளை இத்தனை நாள் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் பொதுச்சட்டம் கிடையாது. ஆகவே 2023 ஜனவரிப் பதிவு உங்களிடம் முழுமையாக இருக்குமா என்பதே சந்தேகம். அரைகுறையாக இருக்கிற லாக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் மனம் ஆறவா போகிறது?

அந்த ரகசிய நீதிமன்றத்தின் உத்தரவு உங்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தால் அது உங்கள் மேஜைக்கு வந்திருக்காது. சட்ட விஷயங்களுக்கென்று நிறுவனம் நியமித்த ஓரிருவருக்குப் போயிருக்கும். வாயைத் திறக்கக்கூடாது என்ற கட்டளையும் கூடவே வந்திருக்கும். ஆகவே முதலாளியிடம் போய் 'நாமா?' என்று கேட்காதீர்கள். இல்லை என்றால் அவர் இல்லை என்பார். ஆமாம் என்றாலும் அவரால் அதை உங்களிடம் சொல்ல முடியாது.

இன்னொரு கோணமும் உண்டு. எதிரி உள்நாட்டு நெட்வொர்க்கில் வந்து இணைந்தால், உள்நாட்டுச் சட்டத்தின் கைக்கு எட்டும் தூரத்துக்கு அவனே வந்துவிட்டான் என்று பொருள். தனக்கே சொந்தமான செயற்கைக்கோளோடு பேசியிருந்தால் அதை ஒட்டுக்கேட்பது எத்தனை கஷ்டம்! அமெரிக்க நிறுவனத்தின் இணைப்பில் பேசியதால்தான் நீதிமன்றத்தில் போய்க் கேட்க ஒரு வழி பிறந்தது. இந்த நிலையில் ஓர் இன்ஜினீயர் அவசரப்பட்டு அந்த சிம்மைத் துண்டித்துவிட்டால், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஜன்னலையும் சாத்தியதாகிவிடும். அதனால், என்றைக்காவது உங்கள் கண்ணில் வினோதமான ஒன்று பட்டால் உடனே துண்டிக்காதீர்கள், நண்பர்களிடம் சொல்லாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போனில் வைக்காதீர்கள். நேரத்தையும், அலுவலகத்தில் அந்த வேலையைப் பதிவுசெய்த டிக்கெட்டின் எண்ணையும் குறித்துக்கொண்டு, சட்ட ஆலோசகரிடம் கொடுங்கள். எஃப்பிஐயிடம் போவதா, எப்போது, எப்படி என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இப்போது, செய்யவேண்டிய வேலை. பலூன் ஒரு தடவை வந்தது. ஆனால் அந்நியரின் பறக்கும் கருவி உள்ளூர் சிம்மைப் போட்டுக்கொண்டு உள்ளூர் டவரில் பேசுவது இன்று சாதாரணமாகிவிட்டது. 2023 நவம்பரில் உக்ரைனில் வீழ்த்தப்பட்ட, ரஷ்யா ஏவிய ஒரு ஷாஹெட் ட்ரோனுக்குள் 4ஜி மோடமும் உக்ரைன் நிறுவனமான கீவ்ஸ்டாரின் சிம்மும் இருந்தன. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன், லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன ட்ரோன்களால் ரஷ்யாவின் விமானத் தளங்களைத் தாக்கியபோது ரஷ்ய மொபைல் நெட்வொர்க்கையே பயன்படுத்தியதாகச் செய்திகள் வந்தன. நம் பக்கத்திலும் பாருங்கள்: 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஏறக்குறைய 6,000 கிலோ மெத்தாம்பெட்டமைனோடு பிடிபட்ட மியான்மர் படகில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையக் கருவி இருந்தது. அதை வாங்கியது யார் என்று அந்தமான் போலீஸ் அந்த நிறுவனத்திடம் கேட்டது. இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் விசாரணை வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த இணைப்பை யார் வாங்கினார், யார் பெயரில் விற்கப்பட்டது?

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் என் கவனம் நின்றது. 'மொத்தமாக சிம் விற்பதும் உண்டு.' அங்கே போய்ப் பாருங்கள் தம்பி. ஐந்நூறு சிம் வாங்கிய ரீசெல்லர் யார், அவர் யாருக்கு விற்றார், கடைசியில் எந்தக் கருவிக்குள் போனது? பல சின்ன நிறுவனங்களில் இதற்குப் பதிலே இருக்காது. ஒரு கம்பெனிப் பெயர், ஒரு கிரெடிட் கார்டு, ஒரு ஜிமெயில் முகவரி, அத்தோடு சரி. மாதக் கட்டணம் ஒழுங்காக வருகிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. கடைசி வாடிக்கையாளரின் விவரத்தை ரீசெல்லர் எழுதி வைத்திருக்க வேண்டும், கேட்டால் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

தொழில்நுட்பத்தில் நீங்களே செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டு வயர்லெஸ் இணைப்புக்கான சிம்மை, அந்த வீடு இருக்கும் டவர்களோடு பூட்டிவிடலாம். டிராக்கர் சிம்மை, பதிவுசெய்த ஐஎம்இஐ எண்ணோடு கட்டிவிடலாம். வேறு கருவியில் போட்டால் வேலை செய்யாது. வயலில் நிற்கவேண்டிய சென்சார் மணிக்கு நூறு கிலோமீட்டரில் நகர்ந்தால் எச்சரிக்கை வரும்படி வைக்கலாம். நான் மேலே சொன்ன அந்தக் கண்ணுக்கு இதுதான் இடம். இவை எதற்கும் யார் யாரோடு என்ன பேசுகிறார் என்று பார்க்க வேண்டியதில்லை. எந்த நாட்டுக்காரர் என்று கேட்கவும் வேண்டியதில்லை. திருட்டு சிம், மோசடி போன்றவற்றைத் தடுக்கவும் இதே ஏற்பாடு உதவும். முதலாளியிடம் அந்தக் கணக்கைச் சொன்னால் பணமும் ஒதுக்குவார்.

டவர்களில் எந்த நிறுவனத்துக் கருவிகள் இருக்கின்றன என்பதையும் கேட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கிராமப்புறத்துச் சின்ன நிறுவனங்கள் பல, விலை மலிவு என்று ஹுவாவே, இசட்டிஇ என்ற சீன நிறுவனங்களின் கருவிகளை வாங்கி மாட்டியிருந்தன. அவற்றைக் கழற்றி மாற்ற 2020-ல் சட்டம் வந்தது. முதலில் 190 கோடி டாலர்தான் ஒதுக்கினார்கள், பற்றவில்லை. விடுபட்ட 308 கோடி டாலருக்கு 2024 டிசம்பரில்தான் வழி செய்தார்கள். இடைப்பட்ட வருடங்களில் பணம் வராமல் பாதி கழற்றியும் பாதி கழற்றாமலும் நின்ற டவர்கள் எத்தனையோ. ஒரு பலூனுக்காக நாடே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் அந்தக் கருவிகள் டவர்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துக்கு ஓடுகிற ஓட்டம், ரேக்கில் சத்தமில்லாமல் எரியும் பச்சை விளக்குக்கு இருப்பதில்லை. 2024-ல் வெளிவந்த சால்ட் டைஃபூன் ஊடுருவலை நினைத்துப் பாருங்கள். சீன ஹேக்கர்கள் ஏடி அண்ட் டி, வெரைசன் போன்ற பெரிய நிறுவனங்களுக்குள்ளேயே புகுந்தார்கள். நீதிமன்ற உத்தரவின்பேரில் ஒட்டுக்கேட்பதற்காக அமைத்த பகுதிகள் வரை போனார்கள். உங்கள் நிறுவனத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கும். அதற்கான பாஸ்வேர்ட் யார் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினார்கள், அந்த ரூட்டரின் மென்பொருள் எந்த வருடத்தது என்று பார்க்க நாளைக்கே ஒரு டிக்கெட் போடுங்கள். வானத்தைப் பார்ப்பதைவிட அது பயன் தரும்.

அந்தச் செங்டு நண்பர் விஷயம். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த உறுத்தல் நியாயமானது. அமெரிக்க நீதித்துறை 2018-ல், சீனாவுக்காக உளவு பார்ப்பவர்களைப் பிடிக்க 'சீனா முன்னெடுப்பு' என்று ஒன்றைத் தொடங்கி, விமர்சனங்களுக்குப் பிறகு 2022-ல் கைவிட்டது. சீனாவில் பிறந்த எம்ஐடி பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் கைதானார், ஒரு வருடம் கழித்து வழக்கை அரசே திரும்பப் பெற்றது. அந்த ஒரு வருடத்தை அவருக்கு யார் திருப்பித் தருவார்கள்? உங்கள் சக ஊழியரை ஒதுக்கிவைத்து ஒரு வேலை நடக்கிறது என்றால், அதற்குத் தொழில்முறைக் காரணம் என்ன என்று மேலாளரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிறந்த ஊர் ஒரு காரணம் என்றால் அது மனிதவளத் துறைக்குப் போகவேண்டிய விஷயம், சட்டப்படியும் சிக்கலானது. அவரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. ஆனால் ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் மேலே சொன்ன சிம், ரூட்டர் வேலைகளை டீம் கூட்டத்தில் எல்லார் முன்னும் வைத்துப் பேசுங்கள். அவரும் அங்கே உட்கார்ந்திருக்கட்டும். ரூட்டர் வேலையில் உங்களைவிட அவர் கெட்டிக்காரராகக்கூட இருக்கலாம்.

கடைசியாக வேலை பயம். எச்-1பியில் இருக்கும்போது வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் வேறு நிறுவனம் மனுப் போட வேண்டும். இது தெரிந்த பயம்தான், நான் லேசாகப் பேசமாட்டேன். அதற்காகவே எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள் என்கிறேன். மரியாதையாக, காரணம் சொல்லி, மாற்று வழியும் காட்டி நீங்கள் எழுதிய மெயிலைக் காட்டி உங்களை வெளியேற்றுவது எளிதல்ல. மாறாக, சொன்னதைச் செய்துவிட்டு நாளைக்கு விவகாரம் வெடித்தால், பட்டியலை எடுத்தது யார் என்ற கேள்விக்கு உங்கள் லாகின் பெயர்தான் பதிலாக வரும். நிறுவனத்தின் வக்கீல் நிறுவனத்துக்காகப் பேசுகிறவர் என்பதை மறக்காதீர்கள். விசா பற்றிப் பேச உங்களுக்கென்று தனியாக ஒரு குடிவரவு வக்கீலை ஒரு மணிநேரம் பார்த்துவிடுங்கள், இந்த மெயிலை அனுப்புவதற்கு முன்பே. வீட்டில் மனைவியிடமும் சொல்லுங்கள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

சட்ட ஆலோசகர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். ஆனால் எழுதும்போது ஒன்று: உங்கள் முதல் கடிதத்தில் மூன்று டவர்களின் பெயரும், ஒரு ரீசெல்லரின் பெயரும் இருந்தன. அவற்றையும் மாநிலத்தின் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் இங்கே வெளியிட்டிருக்கிறேன். அடுத்த கடிதத்தில் அப்படி எதுவும் வேண்டாம், அலுவலக மெயிலிலிருந்தும் அனுப்பவேண்டாம்.